நாலு கால் சொந்தம்: சடை நாய்க்கு ஆசைப்படும் முன் கரிசல் மண்ணின் கன்னியைப் பாருங்கள்!

பனி மலைச் சரிவு. நூறு செம்மறிகள். பின்னால் முகமே தெரியாத அளவுக்கு முடி வளர்ந்த ஒரு நாய், இங்கும் அங்குமாக ஓடி மந்தையை ஒன்றாகச் சேர்க்கிறது. மொபைலில் இந்த மாதிரி வீடியோ ஒன்று வந்துவிட்டால் போதும், வீட்டில் குட்டீஸ் ஆரம்பித்துவிடுவார்கள். ‘அப்பா, நாமும் இந்த நாய் வாங்கலாமா?’

கேட்பது கொடைக்கானலில் என்றால்கூடக் கொஞ்சம் யோசிக்கலாம். தூத்துக்குடியில் கேட்டால்? மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு உப்பளத்துப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே வெயில், கீழே உப்பின் வெள்ளை எதிரொளி, நடுவில் கடலிலிருந்து வரும் பிசுபிசுப்பு. மனிதனே சட்டையைக் கழற்றிப் போட நினைக்கும் ஊரில், கழற்றவே முடியாத கம்பளிக் கோட்டோடு ஒரு ஜீவன் பன்னிரண்டு வருடம் வாழ வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த மாவட்டத்தில் ஆட்டுக்கே கம்பளி கிடையாது! ஆடு காக்கும் நாய்க்கு மட்டும் எதற்குச் சடை?

சடை எதற்காக வந்தது?

நாயின் முடி அழகுக்காக வந்ததல்ல, வேலைக்காக வந்தது. ஐரோப்பாவில் ஹங்கேரி நாட்டின் கோமொண்டோர் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் முழுக்க வெள்ளைக் கயிறு கயிறாகத் திரிந்த சடை. உள்ளே மெத்தென்று ஒரு அடிமுடி, வெளியே முரட்டு முடி. உதிரும் அடிமுடி வெளிமுடியில் சிக்கிச் சிக்கித் திரியாகிவிடும். குளிரை மட்டுமல்ல, ஓநாயின் பல்லையும் அந்தச் சடை தடுக்கும். மந்தையோடு படுத்துவிட்டால் எது ஆடு, எது நாய் என்று தூரத்திலிருந்து சொல்வதும் கஷ்டம்.

அதே நாட்டின் பூலி இனம் உருவத்தில் சிறியது, பெரும்பாலும் கறுப்பு. பகலில் மந்தையை ஓட்டுவது பூலி, இரவில் காவல் காப்பது கோமொண்டோர் என்று அங்கே வேலைப் பிரிவினையே இருந்தது. இரண்டுமே இன்று எளிதில் பார்க்கக் கிடைக்காத இனங்கள்.

நம் நாட்டிலும் சடை நாய் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தின் கத்தி என்ற மேய்ச்சல் சமூகத்தினர் வளர்க்கும் நாய்க்கும் அதே பெயர்தான். கழுத்தைச் சுற்றிச் சிங்கத்தின் பிடரி போல அடர்ந்த முடி. சிறுத்தை பாய்ந்தால் குரல்வளையைத்தான் பிடிக்கும் என்பதால், கழுத்தில் ஆணி பதித்த இரும்புப் பட்டையும் போடுவார்கள். 2025-ன் தொடக்கத்தில் இந்த நாய்க்கு மத்திய அரசின் அங்கீகாரப் பதிவு கிடைத்தது. இதற்கு இருபது வருடம் முன்பே, 2005 ஜனவரியில் வெளியான நாய்களுக்கான அஞ்சல் தலை வரிசையில் இமயமலை ஆட்டு நாய்க்கும் ஒரு தலை உண்டு. அந்த வரிசையில் நம் ராஜபாளையம் நாயும் இடம்பெற்றது.

ஆக, குளிர், ஓநாய், சிறுத்தை ஆகிய மூன்றும் இருக்கும் இடத்தில் சடை ஒரு கவசம். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் அதே சடை ஒரு சுமை.

கம்பளி இல்லாத ஆடு

தூத்துக்குடி என்றதும் துறைமுகமும் முத்தும் உப்பும் நினைவுக்கு வரும். கடற்கரையை விட்டு மேற்கேயும் வடக்கேயும் போனால் விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று கரிசல் காடு விரியும். அங்கே புதூர் வட்டாரத்தில் இருக்கும் வேம்பூர் என்ற ஊரின் பெயரிலேயே ஒரு செம்மறி ஆட்டினம் இருக்கிறது. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் இருப்பதால் ‘பொட்டு ஆடு’ என்றும் சொல்வார்கள். உயரமான கால்கள், நீண்ட நடை தாங்கும் உடம்பு, குட்டை ரோமம். கம்பளி எடுக்க முடியாது. இந்தப் பக்கத்தின் இன்னொரு இனமான கீழக்கரிசல் ஆடும் அப்படித்தான். வெயில் மண் தனக்கேற்ற ஆட்டை வளர்த்து வைத்திருக்கிறது.

அறுவடை முடிந்த நிலத்தில் இந்த ஆடுகளை இரவில் அடைத்து வைப்பதற்குக் கிடை போடுவது என்று பெயர். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நிலத்துக்காரர் கிடைக்காரருக்குப் பணமோ தானியமோ கொடுப்பார். இன்று ஒரு நிலம், நாலு நாள் கழித்து இன்னொரு நிலம் என்று கிடை நகர்ந்துகொண்டே இருக்கும். கோவில்பட்டி அருகேயுள்ள இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன், ‘கிடை’ என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதினார். 2003-ல் வந்த ‘ஒருத்தி’ படம் அதிலிருந்து உருவானதுதான்.

கிடையில் ஆட்டை ஓட்டுவது நாயின் வேலையல்ல. அதற்கு ஆள் குரலும் தொரட்டிக் கம்பும் போதும். நாயின் வேலை ராத்திரியில். நரி வந்தாலும், ஆட்டுத் திருடன் வந்தாலும் முதலில் தெரிய வேண்டியது அதற்குத்தான். இந்தக் கரிசல் பூமியில் காவலுக்கும் வேட்டைக்கும் பேர் வாங்கியவைதான் கன்னியும் சிப்பிப்பாறையும்.

கன்னியை எப்படி அடையாளம் காண்பது?

முதல் பார்வையில் ‘இந்த நாய்க்குச் சோறே போடுவதில்லையா?’ என்று கேட்கத் தோன்றும். உடம்பு அப்படி. கன்னியின் வார்ப்பே அதுதான்.

நீண்டு ஒடுங்கிய முகம். ஆழமான மார்பு. உள்ளே ஒட்டிய வயிறு. லேசாக வளைந்த முதுகு. நீளமான, மெலிந்த கால்கள். சாட்டை மாதிரி வால். ஆண் நாய் தோள்பட்டை வரை சுமார் 25 அங்குலம் வளரும், பெண் நாய் இரண்டு மூன்று அங்குலம் குறைவாக இருக்கும். ரோமம் மிகக் குட்டை, தடவினால் பட்டு போல இருக்கும்.

நிறம்தான் முக்கிய அடையாளம். உடல் கறுப்பு. புருவத்துக்கு மேல், முகவாயில், மார்பில், கால்களில் பழுப்புத் தீட்டல். வெளிர் நிறத்தில் பிறப்பதைப் ‘பால்கன்னி’ என்பார்கள். இதே உடல்வாகில் செம்பழுப்பு, சாம்பல் போன்ற நிறங்களில் வருபவற்றை விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரால் சிப்பிப்பாறை என்பார்கள். இரண்டும் ஒரே இனமா, தனித்தனியா என்ற விவாதம் வளர்ப்பவர்களிடையே இன்னும் ஓயவில்லை.

கன்னி என்ற பெயர் எப்படி வந்தது? கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீரோடு சீராக இந்தக் குட்டியையும் கொடுத்து அனுப்புவார்கள், அதனால் வந்த பெயர் என்று ஊர்ப்பக்கம் சொல்லப்படுகிறது. புகுந்த வீட்டில் புதுப்பெண்ணுக்குத் தன் பக்கம் நிற்க ஒரு ஜீவனாவது இருக்கட்டும் என்று பெற்றவர்கள் நினைத்திருக்கலாம்!

குணம் எப்படி?

கன்னி அதிகம் குரைக்காது. வந்தவர் போனவரிடமெல்லாம் வாலாட்டாது. கூச்ச சுபாவம். வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் பின்னாலேயே சுற்றும். தேவையில்லாமல் பாய்வதில்லை. தன் எல்லைக்குள் அந்நியர் நுழைந்தால் மட்டும் விட்டுக்கொடுக்காது. சொன்னதைச் சீக்கிரம் புரிந்துகொள்ளும். அதட்டினால், அடித்தால் ஒடுங்கிப்போகும். அடித்துப் பழக்கிய கன்னி, பயத்தில் கடிக்கும் நாயாக மாறவும் வாய்ப்பிருக்கிறது.

இது பார்வையால் வேட்டையாடும் வகையைச் சேர்ந்தது. மோப்பத்தைவிடக் கண்ணுக்குத்தான் முதலிடம். தூரத்தில் எதுவாவது ஓடினால், அடுத்த நொடி இதுவும் ஓடும். ஓட ஆரம்பித்த பிறகு நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. பூனை, கோழி, பக்கத்து வீட்டு முயல், சைக்கிளில் போகும் பையன் எல்லாமே அதற்கு ‘ஓடும் பொருள்’தான். கன்னி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

பெயர் இருக்கிறது, வேலை இல்லை

2018-ல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் கருப்பியை யாரும் மறந்திருக்க முடியாது. தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த இயக்குநர் மாரி செல்வராஜின் அந்தப் படத்துக்குப் பிறகு, தென் மாவட்ட வேட்டை நாய்களைப் பற்றி நகரத்துப் பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். 2020 ஆகஸ்ட் மாத ‘மனதின் குரல்’ வானொலி உரையில் பிரதமர், உள்நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நான்கு தமிழ்நாட்டு இனங்களின் பெயரைச் சொன்னார்.

கால்நடை இனங்களைப் பதிவு செய்யும் தேசிய நிறுவனம் ஒன்று ஹரியானாவின் கர்னால் நகரில் இருக்கிறது. அது முதன்முதலாக நாய்களையும் பட்டியலில் சேர்த்தபோது இடம்பிடித்தவை ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஆகிய மூன்று. அந்த முதல் பட்டியலில் கன்னி தனிப் பெயராக இல்லை.

புகழ் வந்த வேகத்தில் வேலை போய்விட்டது என்பதுதான் சிக்கல். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றம். அது சரியான சட்டம், அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. தூத்துக்குடி மாவட்டத்திலேயே வல்லநாட்டில் 1987 முதல் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் தென்கோடிப் பகுதி அதுதான். வேட்டை நாய்களை அவிழ்த்துவிட்டால் அந்த மான்களுக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கிடையும் பழைய மாதிரி இல்லை. மூட்டை உரம் வந்தது, மேய்ச்சல் நிலம் சுருங்கியது, மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றபோது, அந்தத் தொழிலோடு சேர்ந்த எத்தனையோ திறமைகள் இந்தக் கரையில் மறைந்துபோயின. அதே கதிதான் வேலை இழந்த நாய்க்கும். கயிறும் கல்லும் மியூசியத்தில் இருக்கலாம். நாய் இருக்க முடியாது. அதை யாராவது வீட்டில் வைத்து வளர்த்தால்தான் உண்டு.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. எண்ணிக்கை குறையும்போது நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடக்கிறது. அப்படிப் பிறக்கும் குட்டிகளில் பரம்பரைக் குறைபாடுகள் தலைகாட்டும் அபாயம் அதிகம். ‘ஒரிஜினல் கன்னி’ என்று சொல்லி விற்பவர்களும் பெருகுவார்கள். மோகத்தில் வாங்கி, ஒரு வருடத்தில் சமாளிக்க முடியாமல் தெருவில் விடுபவர்களும் வருவார்கள். ஓடிப் பழகிய நாய் தெருவில் விடப்பட்டால், பெரும்பாலும் நாற்கரச் சாலையில்தான் அதன் கதை முடியும்.

கன்னி வளர்க்க என்ன வேண்டும்?

ஓட்டம்: தினமும் காலையும் மாலையும் அரை மணி நேரத்துக்குக் குறையாத நடை. வாரத்தில் சில நாளாவது, சுற்றிலும் உயர்ந்த வேலி போட்ட இடத்தில் கட்டவிழ்த்து ஓடவிட வேண்டும். திறந்த வெளியிலும் கடற்கரையிலும் கயிறு கையிலேயே இருக்கட்டும். இதன் தலை கழுத்தைவிடப் பெரிதாக இருக்காது. சாதாரணக் கழுத்துப் பட்டையிலிருந்து சுலபமாக உருவிக்கொள்ளும். மார்போடு சேர்த்துப் பூட்டும் பட்டைதான் பாதுகாப்பு.

சாப்பாடு: கம்பங்கூழ், கேப்பைக் கூழ், மோர் என்று வளர்ந்த இனம்தான். ஆனால் கூழ் மட்டும் போதாது, குறிப்பாகக் குட்டிக்கு. வேகவைத்த முட்டை, கறி, முள் நீக்கிய மீன் என்று புரதம் தினமும் வேண்டும். கோழி எலும்பை வேகவைத்துப் போடாதீர்கள், அது ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். கடற்கரை வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை: கருவாடு வேண்டாம், அதில் உப்பு அதிகம். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு, திராட்சை, பாயசத்தில் போடும் உலர் திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு விஷம். பிள்ளைகள் பாசத்தில் ஊட்டும் தூத்துக்குடி மக்ரூனும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் பிள்ளைகளோடு நிற்கட்டும்.

வயிறு: ஆழமான மார்பு கொண்ட நாய்களுக்கு வயிறு காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாமல் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

படுக்கை: உடம்பில் கொழுப்பு குறைவு, தோலும் மெல்லியது. வெறும் சிமென்ட் தரையில் தொடர்ந்து படுத்தால் முழங்கை காய்த்துப் புண்ணாகும். பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் ஏசி அறைக்கும் இதற்குக் குளிரெடுக்கும். வெயிலைத் தாங்குகிற அளவுக்குக் குளிரைத் தாங்காது.

தடுப்பூசி: பிறந்த 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான முதல் ஊசி. பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள். மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி, அதன்பின் மருத்துவர் சொல்லும் கணக்கில் தொடர வேண்டும். பூச்சி மருந்தும் குட்டிப் பருவத்திலிருந்தே தேவை. ‘நாட்டு நாய்தானே, அதற்கு எதுக்கு ஊசி?’ என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வைரஸுக்கு நாட்டு நாய், வெளிநாட்டு நாய் என்ற பேதம் தெரியாது.

மயக்க ஊசி: இந்த உடல்வாகு கொண்ட வேட்டை நாய்களுக்குச் சில வகை மயக்க மருந்துகள் மெதுவாகத்தான் இறங்கும். கருத்தடையோ வேறு அறுவை சிகிச்சையோ செய்யும் முன், நாயின் இனத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உண்ணி: குட்டை ரோமம் என்பதால் கண்ணுக்குச் சீக்கிரம் தெரியும். காது மடல், விரல் இடுக்கு, வால் அடி ஆகிய மூன்று இடங்களைத் தினமும் பாருங்கள். உண்ணியால் வரும் காய்ச்சல் ரத்த அணுக்களைக் குறைத்து உயிரையே எடுக்கும். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்துக் காணப்பட்டால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

கடல் குளியல்: முத்துநகர் கடற்கரைக்கு அழைத்துப் போனால் குடிக்க நல்ல தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். தாகத்தில் கடல் நீரைக் குடித்தால் வாந்தி, பேதி வரும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் உப்பையும் மணலையும் கழுவிவிட வேண்டும்.

வெயிலில் மயங்கினால்...

நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலம்தான் உடல் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் அதிகமான கடற்கரை ஊரில் அந்த வழியும் பாதி அடைபட்டுப் போகிறது. அதனால் மதுரையைவிடச் சூடு இரண்டு டிகிரி குறைவாக இருந்தாலும், தூத்துக்குடியில் நாய்க்கு ஆபத்து குறைவு என்று சொல்லிவிட முடியாது.

நடைக்குக் கிளம்பும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. நாய் மூச்சிரைத்துத் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் செல்லுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். பூட்டிய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மழைக்கும் ஒரு திட்டம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. அந்த மாதிரி ராத்திரியில் கட்டிப்போட்ட விலங்குக்குத் தப்பிக்க வழியே இல்லை. கனமழை எச்சரிக்கை வந்தால் முதல் வேலை, நாயை உயரமான இடத்துக்கோ வீட்டுக்குள்ளோ கொண்டுவருவது. வீட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் கூடவே அழைத்துச் செல்லுங்கள். அது முடியவே முடியாது என்றால், சங்கிலியையாவது அவிழ்த்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையை நனையாத கவரில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருப்பது நல்ல பழக்கம்.

ஏற்கெனவே வீட்டில் சடை நாய் இருக்கிறதா?

வாங்கியாகிவிட்டது, இனி அதை நன்றாகப் பார்த்துக்கொள்வதுதான் நியாயம்.

- தினமும் சீப்பு போட வேண்டும். மேலோட்டமாக வாரினால் போதாது. முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அடித்தோல் வரை வார வேண்டும். சிக்கு விழுந்த இடத்துக்குள் பிசுக்கும் உண்ணியும் ஒளிந்துகொள்ளும்.
- குளிப்பாட்டினால் முழுசாகக் காய வைக்க வேண்டும். இந்த ஊர்க் காற்றில் தானாகக் காயட்டும் என்று விட்டால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கெட்ட வாடை வந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை.
- தொங்கும் காதுக்குள் வாரம் ஒருமுறை பாருங்கள். சிவப்பு, கசிவு, நாற்றம் இருந்தால் பட்ஸ் விட்டுக் குடையாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.
- ‘வெயிலாச்சே’ என்று மொட்டை அடித்துவிடாதீர்கள். வெயில் நேராகத் தோலில் படும். சில இனங்களில் முடி பழையபடி வளராமலும் போகும். வயிற்றுப் பகுதி, பாத இடுக்கு, பின்புறம் ஆகிய இடங்களில் மட்டும் கத்தரித்தால் போதும்.
- கண்ணை மறைக்கும் முடியைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். பார்வை மறைந்த நாய் திடுக்கிட்டுக் கடிக்கலாம்.
- பகல் முழுக்கக் காற்றோட்டமான அறை, குளிர்ந்த தரை, இரண்டு இடத்தில் தண்ணீர். நடையெல்லாம் காலை ஏழு மணிக்குள் அல்லது இருட்டிய பிறகு.

2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத வெளிநாட்டு இனங்கள் என்று ஒரு பட்டியலே கொடுத்தது. அடர்ந்த ரோமம் கொண்ட சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், திபெத்தியன் மாஸ்டிஃப், நியூஃபவுண்ட்லாந்து எல்லாம் அதில் உண்டு. புதிதாக வாங்க நினைப்பவர்கள் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

குட்டி வாங்கும்போது...

2017-ன் மத்திய அரசு விதிகளின்படி நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத பெண் நாயை ஈன வைக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு ஈற்றுதான். இதையெல்லாம் விற்பவரிடம் தைரியமாகக் கேளுங்கள். மழுப்பினால் திரும்பிவிடுங்கள்.

குட்டியை மட்டும் பார்க்காதீர்கள், தாயைப் பாருங்கள். முடிந்தால் தகப்பன் நாயையும் பாருங்கள். இரண்டும் ஒரே ஈற்றுப் பிள்ளைகளா என்று விசாரியுங்கள். தாய் எலும்பும் தோலுமாக, பயந்து மூலையில் ஒடுங்கியிருந்தால் அந்த இடத்தில் வாங்க வேண்டாம். பஸ் பார்சலில் குட்டி அனுப்புகிறேன் என்பவரிடமும் வேண்டாம். இனப்பெருக்கம் செய்யும் எண்ணம் இல்லாதவர்கள், சரியான வயதில் கருத்தடை செய்துவிடுவது நாய்க்கும் தெருவுக்கும் நல்லது.

வீட்டு நாயோ தெரு நாயோ, எது கடித்தாலும், பிராண்டினாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. ‘நம்ம வீட்டு நாய்தானே’ என்ற அலட்சியம் ஆபத்தானது. ரேபிஸ் நோய்க்குறி வந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை.

கன்னி யாருக்கு வேண்டாம்?

எந்த நல்ல விஷயத்துக்கும் ‘எல்லோருக்கும் இல்லை’ என்ற குறிப்பு ஒன்று உண்டு. மூன்றாவது மாடி ஃபிளாட்டில், காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பும் தம்பதிக்குக் கன்னி பொருந்தாது. தனிமையும் அடைப்பும் அதைச் சீக்கிரம் நோகடிக்கும். வாசலில் கட்டிப்போட்டு ‘நாய் ஜாக்கிரதை’ போர்டு மாட்ட மட்டும் நாய் தேடுபவர்களுக்கும் வேண்டாம். கோழி, பூனை வளர்ப்பவர்கள் இருமுறை யோசிக்க வேண்டும். முயல் பிடிக்கப் பழக்கலாம் என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் இருப்பவர்களுக்கு வேண்டவே வேண்டாம், சட்டம் காத்திருக்கிறது.

நிலமோ தோட்டமோ இருப்பவர்கள், வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கும் குடும்பங்கள், இரண்டு வேளை நடக்கத் தயாரானவர்கள், இன்றும் கிடை போடுபவர்கள் ஆகியோருக்கு இந்த மண்ணில் இதைவிடப் பொருத்தமான நாய் கிடைப்பது கஷ்டம். குளிர்சாதனம் கேட்காது, சலூன் கேட்காது, இறக்குமதித் தீவனம் கேட்காது. ஓட இடமும், பக்கத்தில் ஒரு ஆளும் கேட்கும்.

இதெல்லாம் சாத்தியமில்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் தெருவிலேயே பிறந்து வளரும் நாட்டுக் குட்டிகளில் ஒன்றுக்கு ஊசி போட்டு, கருத்தடை செய்து வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கும் இந்த வெயில் பழக்கம், இந்தச் சோறு பழக்கம். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அடுத்த முறை பனி மலை வீடியோவைக் காட்டி குட்டீஸ் கேட்கும்போது, கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் ஒரு கன்னி ஓடுவதைக் காட்டுங்கள். வாங்கலாமா, வேண்டாமா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.